கைக்கு அடங்காதது

ஜெனீவாவிலிருந்து வரவேண்டிய மாடல் பெண்
பனியில் மாட்டிக்கொண்டாள்.
நூஷாத்தெல் தாண்டி ரயில் மேலே ஏறவில்லை.
ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள்:
'ஜிலேன், கையைக் கழுவிக்கொண்டு மாடிக்கு வா.
இடது கை போதும்.'

லெ லோக்லில், இதே தொழிற்சாலையில்,
இருபத்திரண்டு வருடமாகப் பாலிஷ் மேசை.
எங்கள் வரிசையில் யாரும் கடிகாரம் கட்டுவதில்லை,
கீறிவிடும்.
ஊருக்கெல்லாம் நேரத்தைத் துலக்கிக் கொடுத்துவிட்டு
நாங்கள் சுவரைப் பார்த்து வீட்டுக்குக் கிளம்புவோம்.

மாடியில் ஏழு ஆண்கள், ஒரு காபி இயந்திரம்,
ஓடில் ஜாக்கோ.
அவள் முன்னால் சாம்பல் நிற வெல்வெட்டில் அது.

கதவுக் குமிழ் என்று நினைத்தேன் முதலில்.
நாற்பத்து நான்கு மில்லிமீட்டர் எஃகு.
வைரமில்லை, பூவில்லை, சிப்பி மினுக்கில்லை.
இலையெல்லாம் உதிர்ந்த பிறகும்
ஜூரா மலைச்சரிவில் விடாமல் தொங்குமே ரோவன் பழம்,
அந்தச் சிவப்பு.
விளம்பரங்களில் சிரிக்கிற பத்து பத்தில்
ஓடில் அதை நிறுத்தி வைக்கவில்லை.
ஓடிக்கொண்டிருந்தது.

மெஸ்யூ ரோஷா தொண்டையைச் செருமினார்.
'பெண்களுக்கென்றால் கைக்கு அடக்கமாக இருக்கவேண்டும்.'
ஒரு பல்சக்கரம் அசைய மற்றது அசைவது போல
ஆறு தலைகள் ஆடின.

அடக்கம்.
அதைத்தான் நான் பாலிஷ் செய்துகொண்டிருந்தேன் இத்தனை வருடமும்.
பதினாறு மில்லிமீட்டர், பதினெட்டு,
பட்டாணி அளவு முகம்.
மணி பார்க்க மூக்குக்கண்ணாடி தேடவேண்டும்,
தேடி எடுப்பதற்குள் அந்த மணி போயிருக்கும்.
நகை கேள், நேரம் கேட்காதே என்று
சொல்லாமல் சொன்ன கடிகாரங்கள்.

பூனைக்கு யார் மணி கட்டுவது?
ஓடில் எழுந்து வந்து
என் மணிக்கட்டில் கட்டினாள்.

குளிர்ந்தது. கனத்தது.
பழைய சூட்டுத் தழும்பை
அளவெடுத்தது போல மூடியது.
'பாருங்கள், சட்டைக் கை இதற்குமேல் இறங்கவில்லை' என்றார் ரோஷா.
'சட்டைக் கை காத்திருக்கட்டும்' என்றாள் ஓடில்.

பிறகு என்னை மறந்துவிட்டார்கள்.
முப்பத்தாறு என்றார் ஒருவர்.
முப்பத்து நான்கு, ஓரத்தில் பொடிக் கல் பதித்து, என்றார் இன்னொருவர்.
துபாய் வந்தது, ஷாங்காய் வந்தது,
கையைத் தவிர எல்லாம் பேச்சில் வந்தது.
என் கை மேசைமேல் கிடந்தது,
யாரோ விட்டுப்போன கையுறை மாதிரி.
ஐந்தே கால். அதன் முகத்திலேயே பார்த்தேன்.
எழுந்து வந்துவிட்டேன்.

கோல்-தெ-ரோஷ் சுரங்கம் தாண்டினால் பிரான்ஸ்,
என் வீடு, அடுப்பில் ஏற்றவேண்டிய சூப்.
சுங்கச் சாவடியில் நீண்ட வரிசை. வைப்பர். பனி.
காவலன் டார்ச் அடித்தான்.
'அறிவிக்க ஏதாவது உண்டா?'
இல்லையென்று வாயைத் திறக்கிறேன்,
ஸ்டியரிங்கின்மேல்
வெளிச்சத்தில்
சிவப்பு.

வண்டியைத் திருப்பினேன்.
மாடியில் இன்னும் விளக்கு, இன்னும் முப்பத்தாறு.
ரோஷாவின் முகம் சுண்ணாம்பாக இருந்தது.
'திருடவில்லை, மெஸ்யூ. மறந்துவிட்டேன்.'
'இதையா? நூற்றைம்பது கிராம்!'
'ஆமாம். கையிலிருப்பதே மறந்துபோயிற்று.'

ஓடில் பேனாவை மூடிவைத்தாள்.
அதற்குப் பிறகு அந்த அறையில்
எடையைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

நாற்பத்திரண்டு என்று முடிவானது.
இரண்டு மில்லிமீட்டர், அவர்கள் மானத்துக்கு.

இப்போது நாளைக்குப் பதினொன்று வருகின்றன என் மேசைக்கு,
இயந்திரமில்லாமல், முள்ளில்லாமல், வெறும் கூடு.
எனக்கு வாங்கக் கட்டுப்படியாகாது, அது வேறு கணக்கு.
துலக்கி முடித்ததும் கதவைப் பார்ப்பேன்,
யாரும் வரவில்லையென்றால்
ஒரு நிமிடம் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பேன்.

வளையத்துக்கு வெளியே
கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது
தழும்பு.